சிவப்பில் நின்ற முள்

அந்தத் தெருக்களில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. மீட்டரம்மா என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தண்ணீர் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை வீடு வீடாகப் போனவள். படிக்கட்டுக்கு அடியிலும் குப்பைத் தொட்டிக்குப் பின்னாலும் ஒளிந்து கிடக்கும் மீட்டரைத் தேடிப் பிடித்து, மூடியைத் திறந்து, கண்ணாடியைத் துணியால் துடைத்து, எண்ணைப் படித்துவிட்டு வருவாள். நாய் குரைத்தாலும் படிப்பாள், வீட்டுக்காரர் குரைத்தாலும் படிப்பாள். "நாங்க இவ்வளவு தண்ணி செலவழிக்கவே இல்லையே" என்று யாராவது ஆரம்பித்தால் அவளிடம் இருந்தது ஒரே பதில். "மீட்டர் பொய் சொல்லாது." அப்படியென்றால் யார் சொல்கிறார்கள் என்பதைக் கேட்டவர்களே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. கணவர் தையல்காரர், முன்னறையிலேயே மெஷின் போட்டிருப்பவர். "உடம்பு கொஞ்சம் சுடுற மாதிரி இருக்கு" என்று அவர் முனகினால், தெர்மாமீட்டரை வாயில் செருகி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, எந்திரிங்க" என்பாள். அவரும் எழுந்துபோய்த் தைப்பார். முப்பது சொச்ச வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு எதில் வாதாடலாம், எதில் கூடாது என்று தெரியாதா?

அப்படிப்பட்டவளுக்கு ஒரு சாயங்காலம் போன் வந்தது. தம்பி மகள்.

"அத்தை, எனக்கு அடுத்த மாசம் கல்யாணம். பதிவு ஆபீஸ்லதான், ஆடம்பரம் எதுவும் இல்ல. ஆனா ஒரே ஒரு ஆசை. தாத்தா கார்லதான் போய் இறங்கணும். நீங்க ஓட்டிட்டு வரணும்."

மீட்டரம்மா போனை மறு காதுக்கு மாற்றினாள். "உங்கப்பன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சுப் போய் ஜன்னலைச் சாத்திட்டு வந்து உக்காந்தாரு. வேண்டாம்னா வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்லியிருப்பாரு இல்ல?"

"வர்றேன்" என்றாள் மீட்டரம்மா. போனை வைத்த பிறகுதான் தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது. தம்பியோடு அவள் பேசி அந்தப் பெண்ணின் வயதைவிட அதிக நாள் ஆகியிருந்தது.

கார் அப்பா வாங்கியது. அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். மகன், மகள் என்று பார்க்காமல் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தார். சாகும்போது காரையும் இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் விட்டுப் போனார். பெட்ரோல் டேங்கின் மூடிக்குப் பூட்டு உண்டு, சாவி இரண்டு. ஒன்று அக்காவிடம், ஒன்று தம்பியிடம். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தத் தேர்வு வரும்வரை.

மேற்பார்வையாளர் பதவிக்கான இலாகா தேர்வு. அதுவரை பெண்களை அதற்குக் கூப்பிட்டதே இல்லை. தெருத்தெருவாக நடந்தது போதும், இனி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து நாலு பேருக்கு வேலை சொல்லலாம் என்று அவள் ஒரு வருடம் படித்தாள். தேர்வுக்கு முந்தின நாள் தம்பி, புதுசாகக் கல்யாணம் ஆனவன், மனைவியைக் கூட்டிக்கொண்டு காரில் வெளியே போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினான். அவள் போய் முள்ளைப் பார்த்தாள். பெட்ரோல் பாதி டேங்க் காட்டியது. போய்ச் சேரத் தாராளம், திரும்பும்போது போட்டுக்கொள்ளலாம். காலையில் பதில்களை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே புறப்பட்டவள் முள்ளைத் திரும்பிப் பார்க்கவில்லை. முக்கால் வழியில், சுற்றிலும் வெறும் வயல், கார் இருமிவிட்டு நின்றது. டேங்கில் சொட்டு இல்லை.

தேர்வு போயிற்று. லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு வீடு திரும்பியவள் கண்ணில் முதலில் பட்டது முற்றத்தில் நின்ற தம்பியின் புது மோட்டார் சைக்கிள்தான். மூடிக்கு இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்று யோசிக்க வேண்டிய அவசியமே அவளுக்கு வரவில்லை. அவன் மனைவி நிற்கிறாள், பக்கத்து வீட்டார் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. "பெட்ரோல் திருடா!" என்று கத்தினாள்.

"நான் தொடவே இல்லக்கா."

"நேத்து சாயங்காலம் பாதி இருந்துது. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். மீட்டர் பொய் சொல்லாது. நீதான் சொல்றே."

தம்பி மூடிச் சாவியை மதில்மேல் வைத்தான், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு போனான். மலை மேலே ஓர் ஊரில் ரொட்டிக்கடை போட்டு அங்கேயே தங்கிவிட்டான். அக்கா கடைசிவரை மீட்டர் படிப்பவளாகவே இருந்து ஓய்வு பெற்றாள். ஒவ்வொரு வீட்டிலும் குனிந்து நிமிரும்போது இடுப்பு வலிக்கும். இடுப்பு வலிக்கும்போதெல்லாம் தம்பியின் ஞாபகம் வரும். வருத்தத்தோடு வரவில்லை, கோபத்தோடுதான் வந்தது.

இப்போது அவன் மகள் கூப்பிட்டிருக்கிறாள், காரோடு கூப்பிட்டிருக்கிறாள். காரோடு போனால் பெண் கேட்டதைக் கொண்டுவந்தோம் என்று வாசலில் நிமிர்ந்து நிற்கலாம். கார் இல்லாமல் பஸ்ஸில் போய் இறங்கி எந்த முகத்தோடு நிற்பது? அதனால் கார் மலை ஏறியாக வேண்டும். அதில்தான் சிக்கல்.

அந்தக் காருக்கு வீட்டில் வைத்த பெயரே கோவக்காரி. அப்பா காலத்திலேயே மேடு கண்டால் அதற்குச் சூடு ஏறும். இன்ஜின் சூடு காட்டும் முள் மேலே போனால் அப்பா உடனே ஓரமாக நிறுத்தி, எல்லோரையும் இறக்கிவிட்டு, ஆறட்டும் என்று காத்திருப்பார். அதற்காகவே தண்ணீர்க் குடமும் விரிப்பும் டிக்கியில் எப்போதும் இருக்கும். மற்றவர்கள் ஊர் போய்ச் சேருவார்கள், இவர்கள் வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து போய்ச் சேருவார்கள். சமவெளியில் அது ஒரு வேடிக்கை. மலைப் பாதையில் முடியுமா? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், பின்னால் லாரி. போதாக்குறைக்கு இப்போதெல்லாம் மேடுகூட வேண்டாம், கடைத்தெருவரை போனாலே முள் சிவப்புக்குப் போய் ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

"இந்தக் கிழவி ஏறுமா?" என்றார் தையல்காரர், வாயில் ஊசியைக் கவ்வியபடி.

"ஏறும். நான் ஏத்துவேன்."

ரேடியேட்டர்க்காரரின் கொட்டகைக்குக் காரைக் கொண்டுபோய் விட்டாள். நல்ல வேலைக்காரர், நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார், காப்பிக் கலரில் துருத்தண்ணீர் வந்தது. சூடானால் திறந்து தண்ணீரை விட வேண்டிய தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுப் பார்த்தார், ஒழுங்காகத் திறந்தது. ஆனாலும் புதுசு மாட்டினார். ஃபேன் பெல்ட், தண்ணீர் பம்ப், ரப்பர் குழாய்கள் எல்லாம் புதுசு. மீட்டரம்மா தினமும் போய் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு திருகாணியையும் பார்ப்பாள். அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும், பாவம்.

எல்லாம் மாட்டி, தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். முள் மெல்லக் கிளம்பி, நடுவைத் தாண்டி, சிவப்பில் போய் நின்றது.

ரேடியேட்டர்க்காரர் மூக்கைச் சொறிந்தார். இன்ஜினில் மாட்டியிருக்கும், சூட்டைப் பார்த்து முள்ளுக்குச் சொல்லும் சின்னப் பித்தளைக் குமிழையும் மாற்றினார். மறுபடி மேடு. மறுபடி சிவப்பு.

"இனிமே இன்ஜினைத் திறந்துதாம்மா பார்க்கணும். உள்ளே எங்கயாவது விரிசல் விட்டிருக்கலாம். திறந்தா ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசம் ஆனா கல்யாணம் முடிஞ்சு அவங்க குடித்தனமே ஆரம்பிச்சுடுவாங்க. திறக்கக் கூடாது."

"அப்புறம் உங்க இஷ்டம்" என்றார் அவர். கோபித்துக்கொள்ளவில்லை, களைத்துப்போயிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். தையல்காரர் ஒரு வாடிக்கையாளருக்குச் சட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள்பட்டை இழுத்தது. வந்தவர், "அளவு சரியாத்தானே எடுத்தீங்க?" என்றார்.

"அளவெல்லாம் சரிதான். அளவு சொல்லுதுன்னு விட்டுட முடியுமா? உடம்புல போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்" என்று தையல்காரர் சாக்கட்டியால் கோடு போட்டார்.

மீட்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இலாகாவிலும் அப்படி ஒன்று இருந்தது. மீட்டர் அதிகம் ஓடுகிறது என்று யாராவது ஒற்றைக் காலில் நின்றால், அளவு போட்ட டிரம்மைக் கொண்டுபோய் வைத்துக் குழாயைத் திறந்து நிரப்ப வேண்டும். டிரம் சொல்லும் அளவும் மீட்டர் சொல்லும் அளவும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். அவள் எத்தனையோ தடவை செய்திருக்கிறாள், ஆனால் மனசுக்குள் சிரித்துக்கொண்டே செய்வாள். பெரும்பாலும் மீட்டர்தான் ஜெயிக்கும். பெரும்பாலும் என்ற வார்த்தையை அவள் அதுவரை கவனித்ததில்லை.

மறுநாள் இலாகாவின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய், பழைய சிநேகிதி ஒருத்தியிடம் நீளமான கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். கொட்டகையில் கார் ஆறிக் கிடக்கும்போதே ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, வாயில் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, இன்ஜினைக் கிளப்பச் சொன்னாள். இன்ஜின் உறுமியது. காரின் முள் ஏறியது. நடு, முக்கால், சிவப்பு.

தெர்மாமீட்டர் எண்பதைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிட்டது. கொதிக்க இன்னும் எவ்வளவோ இருந்தது. தண்ணீரில் ஒரு குமிழிகூட இல்லை.

ரேடியேட்டர்க்காரர் குனிந்து பார்த்தார், உள்ளே போய் முள்ளைப் பார்த்தார், மறுபடி வந்து குனிந்தார். "இன்ஜின் நல்லாத்தாம்மா இருக்கு. முள்ளுக்குத்தான் ஜுரம்."

மீட்டரம்மாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. முகத்தில் அடித்தாற்போல இருந்தது. ஒரு மீட்டர் அவள் கண்ணெதிரே பச்சையாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

பக்கத்து இருக்கையில் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்த தையல்காரர் அப்போதுதான் தலையை வெளியே நீட்டினார். "ஏம்மா, பெட்ரோல் போட்டியா என்ன?"

"இல்லையே. ஏன்?"

"நான் வந்து உக்காரும்போது சாவியைப் போட்டதும் கால் டேங்குக்குக் கொஞ்சம் மேலதான் இருந்துச்சு. இப்பப் பாரு, பாதியைத் தாண்டிடுச்சு. ஓட ஓடப் பெட்ரோல் ஊறுது. அடடா, எப்பேர்ப்பட்ட கார்! இதையா வேண்டாம்னு சொன்னேன்!"

ரேடியேட்டர்க்காரர் சிரித்தார். மீட்டரம்மா சிரிக்கவில்லை. அந்தத் தேர்வு நாளுக்குப் பிறகு அவள் டேங்கைக் குறையவிட்டதே இல்லை, எப்போதும் வழிய வழிய நிரப்பித்தான் வைப்பாள். கொட்டகையில் ஓட்டி ஓட்டிப் பார்த்ததில்தான் இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் குறைந்திருந்தது. கணவரின் பையிலிருந்து மர ஸ்கேலை உருவினாள்.

"ஏய், அது துணி அளக்கிறது!"

காதில் வாங்காமல் டேங்க் மூடியைத் திறந்து ஸ்கேலை அடிவரை இறக்கி எடுத்தாள். ஈரம் கால் பங்குக்கு நின்றது. உள்ளே முள் பாதிக்கு மேல் காட்டியது.

"எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும்" என்று ரேடியேட்டர்க்காரர் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக் கையை விட்டார். "இந்த மாதிரிப் பழைய வண்டியில ரெண்டு முள்ளுக்கும் கரண்ட் ஒரே டப்பாவுல இருந்துதாம்மா வரும். பேட்டரி கொடுக்கிறதைக் குறைச்சு ஒரே அளவா அனுப்பறது அதோட வேலை. இது குறைக்காம அப்படியே அனுப்புது. அதான் சூட்டு முள்ளும் துள்ளுது, பெட்ரோல் முள்ளும் துள்ளுது."

"எத்தனை நாளா இப்படி இருக்கும்?"

"யாருக்குத் தெரியும்? உள்ளே துரு. ஒரு நாள் ஒழுங்கா இருக்கும், ஒரு நாள் இருக்காது. வண்டி வாங்கினப்பவே தகராறு இருந்திருந்தாலும் ஆச்சரியமில்ல."

அப்பா ஒவ்வொரு மேட்டிலும் விரிப்பை விரித்துக் காத்திருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆறிப்போன இன்ஜின் இன்னும் ஆறட்டும் என்று ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்திருக்கிறது. அடுத்த நொடி அந்தச் சாயங்காலமும் வந்தது. முள் பாதியில் நின்றிருந்தது. முள் பாதி என்றால் டேங்கில் கால். கால் டேங்கில் எங்கே போய் நிற்போமோ அங்கேதான் கார் நின்றது. வயல் நடுவில்.

தம்பி தொடவே இல்லை.

அவள் கொட்டகையின் எண்ணெய்த் தரையில், முக்காலியைக்கூட இழுத்துப் போட்டுக்கொள்ளாமல், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தையல்காரர் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். அவருக்கும் புரிந்துவிட்டது. கேலி எதுவும் செய்யவில்லை.

"அவன் பொண்டாட்டி முன்னாடி சொன்னேங்க" என்றாள். "கல்யாணமாகி நாலு நாள் ஆன பொண்ணு முன்னாடி, திருடான்னு."

புது டப்பா வெளியூரிலிருந்து வர வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகுதான் வரும் என்று ரேடியேட்டர்க்காரர் விசாரித்துச் சொன்னார். அதுவரை இரண்டு முள்ளும் பொய்தான் சொல்லும். வீட்டில் தையல்காரர் மெதுவாக ஆரம்பித்தார். "பொய் சொல்ற முள்ளை வச்சுக்கிட்டு மலை ஏற வேண்டாம்மா. பஸ்ல போவோம். இல்ல, போன் போட்டு அவன்கிட்ட விஷயத்தைச் சொல்லிடு."

"போன்ல சொல்ற விஷயமா இது? முற்றத்துல நாலு பேர் முன்னாடி சொன்னேன். அவன் வாசல்ல போய் நின்னு, இதே காரைக் காட்டித்தான் சொல்லுவேன்."

"நடுவுல நிஜமாவே சூடு ஏறினா?"

"ஏறினா நிறுத்துவேன். ஏறாததுக்கு நிறுத்தமாட்டேன்."

தெர்மாமீட்டரை ரேடியேட்டரின் மேல்பக்கத் தகட்டில் வைத்து, கம்பளித் துணியால் சுற்றிக் கட்டச் சொன்னாள். அந்த வேலையைக் கணவரைவிட யார் அழகாகச் செய்துவிட முடியும்? நாலு தையலில் உறை மாதிரி மாட்டிவிட்டார். மூடியைத் திறந்து உள்ளே வைத்துப் பார்த்ததையும் வெளியே கட்டிப் பார்த்ததையும் ஒப்பிட்டார்கள். வெளியே கொஞ்சம் குறைத்துக் காட்டியது. அந்தக் கொஞ்சத்தை எப்போதும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பேரும் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

புறப்படும் அன்று பெட்ரோல் பங்கில் தையல்காரர், "ஃபுல்லாப் போட்டுக்கோ" என்றார்.

"வேண்டாம்" என்றாள். ஸ்கேலை விட்டு அளந்து, தூரத்தைக் கணக்குப் பண்ணி, பாதியோடு நிறுத்தினாள். "அங்கே போய்ச் சேரும்போது அன்னைக்கு எவ்வளவு இருந்துதோ அவ்வளவு இருக்கணும்."

"வழியில தீர்ந்துட்டா?"

"டிக்கியில கேன்ல வச்சிருக்கேன். அதைத் தொடாம போகணும்."

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை மலையடிவாரம் தாண்டினார்கள். மூன்றாவது வளைவிலேயே முள் சிவப்புக்குப் போய்விட்டது. தெரிந்துதான் வந்தாள், ஆனாலும் சின்ன வயதிலிருந்து முள் ஏறினால் நிறுத்து என்றே வளர்ந்த கால், தானாகவே பிரேக்கைத் தேடியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

தையல்காரர் பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்தார். "இதைப் போட்டு முள்ளை மூடிடட்டுமா? பார்த்தாத்தானே பயம்."

"மூடாதீங்க. பார்த்துக்கிட்டேதான் போவேன்."

ஒதுங்க இடம் கிடைத்த வளைவில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, கண்ணாடி போட்டுத் தெர்மாமீட்டரைப் படித்தார்கள். எண்பதைக்கூடத் தொடவில்லை. கொஞ்சத்தைக் கூட்டினாலும் கவலை இல்லை. உள்ளே முள் சிவப்பில் ஆணியடித்த மாதிரி நின்றது. "போடா" என்று அதைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பாதி மலையில் மரம் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. அதன் பின்னாலேயே முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து, அடுத்த இடத்தில் நிறுத்திப் பார்த்தபோது தெர்மாமீட்டர் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. இது நிஜம். வண்டியை நிறுத்தி, இருவரும் பாறையில் உட்கார்ந்தார்கள். அவள் அவசரப்படவில்லை. லாரி வளைவுக்கு மேலே வளைவாக ஏறி மறைந்தது, தெர்மாமீட்டரும் இறங்கியது. காருக்குள் இருந்த முள்ளோ சூடு ஏறியபோதும் அதே சிவப்பு, இறங்கியபோதும் அதே சிவப்பு. அதை ஏன் இத்தனை நாள் நம்பினோம் என்று அவளுக்கு வியப்பாகக்கூட இல்லை, அசிங்கமாக இருந்தது.

கடைசி ஏற்றம் ஏறி ஊருக்குள் நுழைந்தபோது மத்தியானம். டிக்கியிலிருந்த பெட்ரோல் கேனைத் தொடவில்லை. ரொட்டிக்கடை வாசலில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்தாள். சாவியை மட்டும் முள் வேலை செய்யும்படி திருப்பியே விட்டாள். உள்ளே ரொட்டி வேகும் வாசனை. தம்பி மகள் "அத்தை!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் அம்மா வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். கடைசியாகத் தம்பி வந்தான், முழங்கைவரை மாவு. தலை முழுக்க நரைத்திருந்தது.

அவன் யாரையும் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தான். நாள் முழுக்க அடுப்புக்குள் கையை நீட்டிச் சூடு பார்க்கிறவன் அல்லவா, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு குனிந்து ஜன்னல் வழியாக டேஷ்போர்டைப் பார்த்தவன் முகம் மாறியது. அத்தனை வருடத்துக்குப் பிறகு அக்காவிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அக்கா, அவ்வளவு சூடு இல்ல. ஆனா முள்ளு சிவப்புல நிக்குதே?"

"அது பொய் சொல்லுதுடா."

தம்பி நிமிர்ந்தான். யார் வாயிலிருந்து என்ன வார்த்தை வருகிறது என்று அவன் பார்த்த பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. கைப்பையைத் திறந்து சின்னச் சாவி ஒன்றை எடுத்து நீட்டினாள். அவன் மதில்மேல் வைத்துவிட்டுப் போன சாவி. கணவரிடமிருந்து மர ஸ்கேலை வாங்கி அதையும் நீட்டினாள்.

"மூடியைத் திறந்து அளந்து பாரு. அளந்துட்டு வந்து பெட்ரோல் முள்ளைப் பாரு."

அவன் திறந்தான், ஸ்கேலை இறக்கினான், எடுத்து வெயிலில் பிடித்தான். கால் பங்குக்கு ஈரம். வந்து ஜன்னலில் குனிந்தான். முள் பாதியில் நின்றிருந்தது. குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தான்டா இருந்திருக்கு" என்றாள் மீட்டரம்மா. வாசல்படிவரை கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள். "நீ எடுக்கல. நீ பொய் சொல்லல. முள்ளு சொல்லிச்சு, நான் அதை நம்பிட்டு உன்னைத் திருடன்னு சொன்னேன். என்னை மன்னிச்சுடு." பிறகு படியில் நின்றவள் பக்கம் திரும்பினாள். "நீயும் மன்னிச்சுடும்மா. உன் முன்னாடிதான் சொன்னேன்."

படியில் நின்றவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி மாவுக் கையாலேயே முகத்தைத் துடைத்தான், முகமெல்லாம் வெள்ளையாயிற்று.

"எத்தனை நாள் யோசிச்சேன் தெரியுமாக்கா?" என்றான். "மூடியை நான் சரியாப் பூட்டலையோ, சாயங்காலம் நிறுத்தின எடத்துல எவனாவது உறிஞ்சிட்டானோ, என்னாலதான் உன் பரீட்சை போச்சோன்னு. ஒரு நாள்கூட அந்த முள்ளைச் சந்தேகப்படத் தோணலக்கா. நீ பார்த்தேன்னு சொன்னியே. நீ சொன்னா நான் நம்பிடுவேன்."

மீட்டரம்மா அழுதாள். தெருவில் நின்று, யார் பார்க்கிறார்கள் என்று பாராமல், வாய்விட்டு அழுதாள். தம்பி மகள் ஒரு பக்கமும் தையல்காரர் ஒரு பக்கமும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

தம்பி டேங்க் மூடியைப் பூட்டினான், ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். ஸ்கேலைத் துடைத்துத் தையல்காரரிடம் திருப்பிக் கொடுத்தான். சாவியைக் கொடுக்கவில்லை. தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சாப்பிட வாங்க" என்று உள்ளே நடந்தான்.